தறி ஓடாத நாளில் வந்தவர்

நாம் வாயைத் திறந்து மூன்றாவது சொல்லுக்குப் போவதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். "ஆங், புரிஞ்சிடுச்சி" என்பார். சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். கொண்டுவந்த பொருளை அந்தக் கையில் வைத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவர் கடை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவரிடம் வேலை வாங்கிய பாதி ஊர் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிடும். நல்ல மனுஷன் என்பார்கள். நல்ல மனுஷன்தான். என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சலே அதுதான்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பதுபோல அவர் ஸ்குரூடிரைவர் வைத்திருப்பார். தூசி தட்ட ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். கிருத்திகை தவறாமல் மலையேறுவார். அன்று நெற்றியிலிருந்து காதுவரை விபூதி இருக்கும். காவடிக் கூட்டம் வருகிற நாட்களில் கடை வாசலில் ஒரு பெட்டியில் சார்ஜர்களைக் கட்டித் தொங்கவிட்டு, யார் வேண்டுமானாலும் போனைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். கடையில் இருந்தது ஒரே நாற்காலி. நானும் அப்பாவும் முதல்முறை போனபோது அதை அப்பாவுக்குப் போட்டுவிட்டு இவர் நின்றபடியே வேலை பார்த்தார். அப்பா அந்த ஒரு காரியத்துக்கு வாழ்நாள் முழுக்க அவருக்கு அடிமை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர் அம்மையார்குப்பம். வீட்டுக் கூடத்தில் இரண்டு விசைத்தறி. நைனா ஒன்றிலும் அம்மா மற்றொன்றிலும் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது சென்னையில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்று உறவினர் மூலமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. வைக்க இடமில்லை. கூடத்துச் சுவரோரம் அம்மா ஊடைநூல் சுற்றுகிற மெஷின் இருந்தது. அதைத் தூக்கிப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே போட்டு, அந்த இடத்தில் என் மேசையைப் போட்டார்கள். அன்றிலிருந்து மதிய வெயிலில் அம்மா அங்கே உட்கார்ந்து நூல் சுற்றினாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நைனா மட்டும் சொன்னார்: "இது ஓடனா இங்க இருக்கட்டும். ஓடலன்னா உங்கம்மா மெஷினு திரும்பி உள்ள வரணும்."

நியாயமான பேச்சு. அந்தக் கம்ப்யூட்டர் ஓடத்தான் வேண்டும் என்று எனக்கு இருந்த அவசரத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள், நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க நீலமாகிவிட்டது. மேலே வெள்ளையில் ஒரு சோக முகம்: இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. அம்மா எட்டிப் பார்த்து, "அது ஏன் அழுவுது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து தானாகவே திரும்ப எழுந்துகொண்டது. மறுநாள் மறுபடியும் நீலம். பிறகு மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே மணி நேரத்தில் இரண்டு தடவை. கடைசி வரியில் ஒரு குறிப்புச் சொல் வரும். அது ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது. நான் ஒரு நோட்டு போட்டு, தேதி, நேரம், அந்தச் சொல் மூன்றையும் எழுத ஆரம்பித்தேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கோளாறு கண்டுபிடிக்கிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான் என்று நம்பியிருந்தேன்.

கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி, ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நைனா வந்தார். நோட்டை வைத்துக்கொண்டு நான் வந்தேன்.

"அண்ணா, நீல ஸ்கிரீன் வருது, ஆனா ஒவ்வொரு வாட்டியும்" என்று ஆரம்பித்தேன்.

"ஆங், புரிஞ்சிடுச்சி. ஃபார்மேட் போடணும்."

நோட்டை நீட்டினேன். அதை வாங்கி, பெட்டியின் அடியில் ஆட்டம் இல்லாமல் இருக்க முட்டுக் கொடுத்தார். டி டிரைவில் என் புராஜெக்ட் இருக்கிறது, அதை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்ல வந்தேன். டி என்ற எழுத்து வரைக்கும்தான் வந்தேன். அதற்கும் புரிந்துவிட்டது. சாயங்காலம் பெட்டி சுத்தமாகத் திரும்பி வந்தது. என் இரண்டு மாத வேலையும் சுத்தமாகிவிட்டிருந்தது. நான் அழவில்லை. பதினாறு நாளில் மறுபடியும் முழுவதையும் உட்கார்ந்து அடித்தேன். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் அவரை ஒரு வார்த்தை திட்டினேன். எண்பத்திரண்டு பக்கம்.

இந்த மனிதர் எனக்கு மட்டும் இப்படி என்றில்லை. ஒருநாள் இ-சேவை மையம் நடத்தும் அக்கா ஒருத்தி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏதோ ஒரு எழுத்தில் சந்தேகம் கேட்க வந்தவள். அவள் கீபோர்டை மேசைமேல் வைத்ததுமே இவருக்குப் புரிந்துவிட்டது. அதைப் பிரித்து, கழுவி, துடைத்து, புதிதுபோல ஆக்கிக் கொடுத்தார். அந்த வேலையின் சுத்தத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் இன்னும் கேக்கவே இல்லியேமா" என்றாள்.

இன்னொரு நாள் அவர் மனைவி போன் செய்தாள். கேட்டுக்கொண்டிருந்தது என்னவோ ஐந்து விநாடி. "ஆங், புரிஞ்சிடுச்சி, வாங்கியாறேன்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தது; எடுக்கவில்லை. அரைமணி கழித்து அவளே கடை வாசலில் வந்து நின்றாள். தோளில் ஆறு வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தது. அவள் கத்தவில்லை.

"நான் போன்ல இன்னா சொன்னேன்னு சொல்லு பாக்கலாம்."

"தேங்காதானே வாங்கியார சொன்ன?"

அவள் ஆட்டோவைக் கைகாட்டி ஏறினாள். இவர் ஸ்குரூடிரைவரோடு பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டிருக்கிறார்கள் என்றார். அன்று எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மனிதர் இனிமேல் மாறிவிடுவார் என்றும் நினைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லேப்டாப்போடு உள்ளே வந்த ஒருவர் "சார், இது" என்றார். இவர் "ஆங்" என்றார்.

ஃபார்மேட் போட்டுக் கொண்டுபோன பெட்டி பதினோரு நாள் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் நீலம். திரும்பவும் புடவை, பஸ், மடி. கடையில் மதியம் முழுக்க ஓடவிட்டார். ஒரு தடவைகூட விழவில்லை. அவர் என்னிடம் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனாவிடம் திரும்பினார்.

"இங்க ஜம்முனு ஓடுது பாரு அண்ணா. பாப்பா வூட்ல எதையோ தொட்டுகினே இருக்குது. படிச்ச புள்ளைங்களே இப்டித்தான், கை சும்மா இருக்காது."

நைனா தலையாட்டினார். இவர் பெட்டியின் பின்பக்க ஸ்குரூமேல் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி, இது கிழிந்திருந்தால் இனி கொண்டுவரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் நைனா என்னிடம் சண்டை போடவில்லை. "சார் இன்னா பொய்யா சொல்லப்போறாரு?" என்று மட்டும் கேட்டார். அது போதாதா?

இதற்கு நடுவில் ஒரு சென்னைக் கம்பெனியின் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். வீட்டிலிருந்தே, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டிய தேர்வு. இருபத்தோராம் கேள்வியில் அந்த அழுமூஞ்சி வந்து நின்றது. காரணத்தை எழுதிக் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை திரும்ப எழுதலாம், அதுவே கடைசி என்று பதில் வந்தது. நைனா அந்தத் தேர்வு தேதிவரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குமேல் மேசை வெளியே, அம்மாவின் மெஷின் உள்ளே.

நோட்டை மறுபடி மறுபடி படித்தேன். எல்லா விழுதலும் காலை ஏழுக்கும் பொழுது சாய்வதற்கும் நடுவில். வெயிலால்தான் என்று முதலில் முடிவுகட்டினேன். ஈரத்துணி, ஃபேன் எல்லாம் வைத்துப் பார்த்தேன். பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் தெருவே மலைக்குப் போய்விடும். மூன்று நாள் தறி ஓடாது. அந்த மூன்று நாளும் நல்ல வெயில். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட விழவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அதற்கு முந்தைய இரண்டு அமாவாசைகளிலும் வெற்று இடம். அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் தறியில் கை வைக்கமாட்டார்கள்.

தறிதான். இரண்டு தறி அடிக்கிற அடியில் தரை, சுவர், மேசை எல்லாம் காலை ஏழிலிருந்து பொழுது சாயும்வரை அதிர்கிறது. பெட்டிக்குள் ஏதோ ஒன்று தளர்கிறது. பஸ்ஸில் கொண்டுபோய் அவர் பிரித்துத் தூசி தட்டி மாட்டும்போது அது தன் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதை ஃபார்மேட்டின் பலன் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். பதினொரு நாள் அதிர்ந்தால் திரும்பவும் தளர்ந்துவிடுகிறது. குறிப்புச் சொல் ஒவ்வொரு தடவையும் மாறினால் மெமரி கார்டை, அதாவது ரேமை, பார் என்று நான் படித்த இடங்களிலெல்லாம் எழுதியிருந்தார்கள். நோட்டின் அட்டையில் 'தறி' என்று பெரிதாக எழுதினேன்.

ஸ்டிக்கரைக் கிழித்துவிட நைனா ஒப்புக்கொள்ளவில்லை. சாரிடம் போய்ச் சொல்லு, அவர் திறக்கட்டும் என்றார். போனேன்.

"அண்ணா, எங்க வூட்ல தறி ஓடுதில்ல, அது"

"ஆங், புரிஞ்சிடுச்சி. பஞ்சு பூந்திருக்கும்."

"பஞ்சு இல்லணா."

"பஞ்சுதான்மா. தறி வூட்ல வேற இன்னா இருக்கும்?"

நான் அன்று அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, தறி ஓடும்போது நீங்கள் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னேன். வருகிறேன் என்றார். உண்மையாகவே வந்தார். அவ்வளவு தூரம், வண்டியில், கேட்காமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வாங்கிக்கொண்டு.

வந்தது அமாவாசையன்று.

தறிச் சத்தத்தில் எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பது, அதனால்தான் லீவு நாளாகப் பார்த்து வந்தேன் என்றார். நைனாவுக்கும் அன்றுதான் ஓய்வு, பேசிக்கொண்டிருக்கலாம் என்றார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, எதிரில் உட்கார்ந்து காலையிலிருந்து மதியம்வரை ஓடவிட்டார். இரண்டு தறியும் வாயை மூடிக்கொண்டு நின்றன. பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. ஊரே நின்றது. கம்ப்யூட்டர் தெளிந்த நீர்போல ஓடியது. நான் மறுபடி மறுபடி சொன்னேன், இன்றைக்கு விழாது அண்ணா, இன்றைக்குத் தறி இல்லை. அம்மா போட்ட சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே அவர் நைனாவிடம் சொன்னார்:

"பாத்தியா அண்ணா. இதுல ஒரு கொறையும் இல்ல. பாப்பாவுக்குப் பரீட்சைன்னா பயம். அதான் இத்த சாக்கா சொல்லிகினு கீது."

என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் நான் பயந்ததில்லை. அந்த வீட்டில் பரீட்சை என்ற சொல்லைக் கொண்டுவந்ததே நான்தான். நைனா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சலிப்பு இருந்தது. அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, மேசையைக் காலால் லேசாகத் தள்ளி, எத்தனை அடி அகலம் என்று பார்த்தார்.

மறுநாள் காலை தறி ஓட ஆரம்பித்தது. பத்தரைக்கு நீலம். நான் நைனாவைக் கூப்பிடவில்லை. வயரை உருவிவிட்டு, அம்மாவின் நூல் கத்திரியை எடுத்து ஸ்டிக்கரைக் கிழித்தேன். இனி அந்தக் கடைக்கு இந்தப் பெட்டி போகமுடியாது. என் கணக்கு தப்பாக இருந்தால் எனக்கு வேறு கதியில்லை.

உள்ளே பார்த்தேன். விரலைவிடக் கொஞ்சம் நீளமான அந்த மெமரி கார்டை இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கொக்கி பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரு பக்கத்துக் கொக்கி உடைந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. பெட்டியின் அடியில், பஞ்சுக்கு நடுவில், நாலாக மடித்த ஓர் அட்டைத் துண்டு கிடந்தது. அவர் பயன்படுத்துகிற அதே ஸ்டிக்கரின் பின்தாள். கொக்கி உடைந்ததை அவர் முதல் நாளே பார்த்திருக்கிறார். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார். கடை மேசையில் அது அழகாக நிற்கும். எங்கள் வீட்டில் பதினொரு நாள் நிற்கும். ஏமாற்று இல்லை, அவர் வேலை அப்படி, சுத்தமாகத்தான் மடித்திருந்தார். ஆனால் உடைந்திருக்கிறது என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாளிலிருந்து நான் சொல்ல வந்த எதையும் முழுதாகக் கேட்கவுமில்லை. இரண்டில் ஒன்று நடந்திருந்தால் என் எண்பத்திரண்டு பக்கம் இருந்திருக்கும், முதல் தேர்வு இருந்திருக்கும், எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை இருந்திருக்கும்.

பக்கத்திலேயே காலியாக இன்னோர் இடம் இருந்தது, இரண்டு கொக்கியும் நல்லதாக. கார்டின் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் துடைத்து அங்கே மாட்டினேன். இரண்டு பக்கமும் டக், டக் என்று பிடித்தது. அவ்வளவுதான் வேலை. ஐந்து நிமிஷம்.

அதன்பிறகு தேர்வு நாள்வரை எட்டு நாள், தறி அடிக்க அடிக்க அது விழவில்லை. நான் யாரிடமும் பெருமையடிக்கவில்லை. தேர்வன்று காலை, கேமரா முன்னால் நான் உட்காரும்போது நைனா போய் இரண்டு தறியின் சுவிட்சையும் அணைத்தார்.

"நிறுத்திட்டேம்மா. நீ நிம்மதியா எழுது."

அவர் அன்பாகத்தான் செய்தார். ஆனால் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. தறியை நிறுத்தி எழுதினால் சார் சொன்னது சரி, நான் சொன்னதும் சரி, எல்லாம் சரி என்று ஆகிவிடும். தேர்வுக்குத் தறிச் சத்தம் பரவாயில்லை, பேச்சுக் குரல்தான் கேட்கக்கூடாது என்று விதியில் இருந்தது. ஆரம்பிக்க நாலு நிமிஷம்.

"ஓட்டு நைனா."

"அது நின்னுபூட்டா இன்னா பண்ணுவ?"

"நிக்காது. நிக்காதுன்னு நான்தானே சொல்றேன். ஓட்டு."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா போய்த் தன் தறியின் சுவிட்சைப் போட்டாள். பிறகு அவரும் போட்டார். தொண்ணூறு நிமிஷம் மேசை என் முழங்கைக்குக் கீழே அதிர்ந்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. நான் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி முடித்தேன். பிறகுதான் கிழித்த ஸ்டிக்கரையும் அந்த அட்டைத் துண்டையும் நைனாவிடம் காட்டினேன்.

வேலை கிடைத்தது. கடிதம் வந்த வாரம் நைனா முருகனுக்கு மலையேறி வந்த கையோடு, இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போகவேண்டும் என்றார். எனக்கு இஷ்டமில்லை. மரியாதை தெரியாதவள் என்று பேர் வாங்கவேண்டாம் என்று போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நைனா சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே அண்ணா, மெஷின்ல ஒரு கொறையும் இல்லன்னு. நம்ம போட்ட ஃபார்மேட் நிக்குதில்ல?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நைனா உட்காரவில்லை. "இல்ல சார்" என்றார், மெதுவாக. அவர் அதற்குள் லேப்டாப் வைத்திருந்த ஒருவர் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

டவுனுக்கு வந்தால் என் அப்பாவுக்குக் குரல் எழும்பாது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இந்தக் கடை எங்கே போனாலும் காற்றோடு பேசுவார். வீட்டில் அப்படியில்லை; இரண்டு தறிக்கு மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசுகிற தொண்டை அது. திருத்தணியில் அந்தத் தொண்டையை அன்றுதான் கேட்டேன்.

"நீ வந்தது அமாவாசைக்கு சார். தறி ஓடறப்போ அதுங்கூட உக்காந்து கண்டுபுடிச்சது என் பொண்ணு. அதான் சரி பண்ணிச்சி."

நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கூடத் தலையைத் தூக்கினாள். நீட்டிய கை நீட்டியபடி, அவரும் திரும்பினார்.